எல்லாருக்கும் ஒரே பேட்ஜ்!

பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் உள்ள வீட்டில் துணி அலமாரியைச் சுத்தம் செய்ய உட்கார்ந்தால் என்னென்னவோ கிடைக்கும். ஜோடி இல்லாத காலுறை, கொக்கி போன பெல்ட், போன வருஷத்து டைம் டேபிள். அவற்றுக்கு அடியில் சில சமயம் ஒரு சின்னத் துணித் துண்டும் கிடைக்கும். வட்டமாகவோ கேடயம் போலவோ இருக்கும். ஓரம் முழுக்க நூலால் கெட்டியாகக் கட்டியிருக்கும். நடுவில் ஏதோ ஒரு சின்னம், சுற்றிலும் ஒரு ஊரின் பெயர், ஒரு வருஷம்.

"இது எதுக்கு இடத்தை அடைச்சுக்கிட்டு?" என்று குப்பைக் கூடையில் போடப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள், சகோதரிகளே! அது சாரணர் முகாமின் நினைவு பேட்ஜாக இருக்கலாம். பிள்ளையைக் கேட்காமல் எறிந்து விடாதீர்கள். அதன் அருமையை நாம் தெரிந்து வைத்துக் கொள்வது நல்லது.

தாம்பூலப் பை மாதிரி

சாரணர், சாரணியர் வாங்கி வரும் பேட்ஜ்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கற்றுத் தேறி வாங்குவது. முடிச்சுப் போடத் தெரிய வேண்டும். முதலுதவி தெரிய வேண்டும். கூடாரம் அடிக்க, அடுப்பு மூட்டிச் சமைக்கத் தெரிய வேண்டும். ஒவ்வொரு படியாகத் தேறி, மாநில அளவில் ராஜ்ய புரஸ்கார், அதற்கும் மேலே குடியரசுத் தலைவர் விருது என்று போகும். இந்தப் பேட்ஜ்களை நாமே பத்திரப்படுத்தி விடுகிறோம். சான்றிதழோடு சேர்த்து பீரோவில் வைத்துப் பூட்டுகிறோம்.

இரண்டாவது வகைதான் பாவம், கவனிப்பார் இல்லாமல் கிடக்கிறது. அதுதான் முகாம் நினைவு பேட்ஜ். வருஷாந்திர முகாம், மாவட்டத் திரளணி, தேசியப் பெருந்திரளணி என்று எங்கே கூடினாலும், அந்த ஊரையும் வருஷத்தையும் போட்டு ஒரு பேட்ஜ் அடித்துக் கொடுப்பது வழக்கம். அதற்குப் பரீட்சை கிடையாது, மார்க் கிடையாது. கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை இருக்கிறதே, அது போல! மொய் அதிகம் வைத்தவருக்குப் பெரிய பை, குறைவாக வைத்தவருக்குச் சின்னப் பை என்று உண்டா? வந்தவர்களுக்கெல்லாம் ஒரே பைதான். கூடாரத்தை அழகாக அடித்த பிள்ளைக்கும் இதே பேட்ஜ். முதல் நாள் ராத்திரி "அம்மா" என்று தேம்பி அழுத பிள்ளைக்கும் இதே பேட்ஜ்.

யோசித்துப் பாருங்கள். எல்.கே.ஜி.யிலிருந்து நம் பிள்ளைகள் கையில் வாங்குவதெல்லாம் யாரையோ முந்தி வாங்குவதுதான். முதல் பரிசு, இரண்டாம் பரிசு, ஆறுதல் பரிசு! "நீயும் எங்களோடு இருந்தாய்" என்பதற்காக மட்டும் ஒரு பிள்ளைக்குக் கிடைப்பது எத்தனை? அதனால்தான் இந்தச் சின்னத் துணியைப் பற்றி இவ்வளவு தூரம் எழுதத் தோன்றியது.

நம் மணப்பாறையில்

திருச்சிக்காரர்களுக்கு இது தூரத்து விஷயம் இல்லை. 2025-ம் ஆண்டு ஜனவரி 28 முதல் பிப்ரவரி 3 வரை நம் மாவட்டத்து மணப்பாறையில், சிப்காட் வளாகத்தில், பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் வைர விழாப் பெருந்திரளணி நடந்தது. கலைஞர் நூற்றாண்டுப் பெருந்திரளணி என்றும் அதற்குப் பெயர். முறுக்குக்கும் மாட்டுச் சந்தைக்கும் பேர் போன ஊரில், ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வரிசை வரிசையாகக் கூடாரம் போட்டு ஒரு வாரம் குடியிருந்தார்கள். பல மாநிலங்களிலிருந்து வந்தார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகளும் வந்தார்கள். ரொட்டி சாப்பிட்டே வளர்ந்த பிள்ளையும் இட்லி சாப்பிட்டே வளர்ந்த பிள்ளையும் ஒரே மைதானத்தில் தட்டோடு நின்றார்கள்.

வைர விழா என்று சொன்னேனே, அதன் கணக்கு இது. நாட்டில் தனித்தனியாக இருந்த சாரணர் சங்கங்கள் ஒன்று சேர்ந்து பாரத சாரணர் சாரணியர் அமைப்பு உண்டானது 1950 நவம்பர் 7-ல். பெண் பிள்ளைகளின் சங்கம் 1951 ஆகஸ்டு 15-ல் அதோடு இணைந்தது. முதல் தேசியப் பெருந்திரளணி 1953-ல் ஹைதராபாத்தில் கூடியது. அன்று போன பையனுக்கு இன்று எண்பதைத் தாண்டியிருக்கும். உங்கள் வீட்டுத் தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் அந்தக் காலத்துப் பேட்ஜ் ஏதாவது கிடைத்தால், அது சாதாரணப் பொருள் இல்லை.

நம் பிள்ளைகளுக்குக் கிடைக்காத காலம்

"எல்லாருக்கும் ஒரே பேட்ஜ்" என்று இன்று சுலபமாகச் சொல்லி விடுகிறோம். ஆரம்பத்தில் அப்படி இல்லை. இங்கிலாந்தில் 1907-ல் பிரவுன்சி என்ற தீவில் சுமார் 20 பையன்களை வைத்து பேடன் பவல் ஒரு முகாம் நடத்தினார். அதுதான் சாரணர் இயக்கத்தின் வித்து. இரண்டே வருஷத்தில், 1909-ல், பெங்களூரில் இந்தியாவின் முதல் சாரணர் படை ஏற்பட்டது. ஆனால் அதில் சேர முடிந்தது வெள்ளைக்கார, ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகள்தான். மண்ணின் பிள்ளைகளுக்கு இடமில்லை!

அதைப் பொறுக்காமல் 1916-ல் நம் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையாரும் ஜார்ஜ் அருண்டேலும் இந்தியப் பிள்ளைகளுக்காகத் தனியே ஒரு சாரணர் சங்கம் தொடங்கினார்கள். அருண்டேல் யார் தெரிகிறதா? பிற்பாடு கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவியை மணந்தாரே, அவர்தான். வடக்கே அலகாபாத்திலும் மதன் மோகன் மாளவியா போன்றவர்களின் முயற்சியால் இன்னொரு சங்கம் கிளம்பியது. 1921-ல் பேடன் பவல் இந்தியாவுக்கு வந்தபோது, சென்னைச் சங்கம் அவருடைய இயக்கத்தோடு இணைந்தது. 1932-ல் இயக்கத்தின் உயர்ந்த விருதான வெள்ளி ஓநாய் அம்மையாருக்கே வழங்கப்பட்டது.

பெண் பிள்ளைகள் கதை இன்னும் சுவாரஸ்யம். 1909 செப்டம்பரில் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் மைதானத்தில் ஆயிரக்கணக்கான பையன்கள் கூடியிருந்தார்கள். அங்கே சாரணர் தொப்பியோடு ஒரு சிறு பெண்கள் கூட்டமும் வந்து நின்றது. "நீங்கள் யார்?" என்று கேட்டதற்கு, "நாங்களும் சாரணர்கள்தான்" என்றார்களாம்! கூப்பிடாமலே வந்த அந்தப் பெண்களை விரட்ட முடியவில்லை. அடுத்த வருஷம், 1910-ல், பெண்களுக்கென்றே ஒரு அமைப்பு உண்டாயிற்று. அதை வளர்க்கும் பொறுப்பு பேடன் பவலின் சகோதரி ஆக்னஸிடம் வந்தது. 1911-ல் ஜபல்பூரில் இந்தியாவின் முதல் சாரணியர் குழு தொடங்கி விட்டது.

ஆக, இன்று உங்கள் பெண் முகாமிலிருந்து ஒரு பேட்ஜைக் கொண்டு வருகிறாள் என்றால், அதற்குப் பின்னால் இத்தனை பேருடைய பிடிவாதம் இருக்கிறது.

சேறும் மழையும் பேட்ஜில் தெரியாது

வெளியூர், வெளிநாட்டு முகாம் பேட்ஜ்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு. 1929-ல் இங்கிலாந்தில் பர்க்கன்ஹெட் நகரத்தின் ஏரோ பார்க் என்ற பூங்காவில் உலகப் பெருந்திரளணி நடந்தது. சுமார் 50,000 பேர் கூடினார்கள். மழை பிடித்துக் கொண்டது. பூங்காவே வயல் உழுத மாதிரி சேறாகி விட்டது. இன்று வரை அதைச் சேற்று முகாம் என்றுதான் செல்லமாகச் சொல்கிறார்கள். அந்தச் சேற்றுக்கு நடுவிலும் தங்க நிறம் பூசிய மர அம்புகளைச் சமாதானச் சின்னமாக ஒவ்வொரு நாட்டாருக்கும் கொடுத்து அனுப்பினார் பேடன் பவல். நான்கு வருஷம் கழித்து 1933-ல் ஹங்கேரியில் கூடியபோது துள்ளி ஓடும் வெள்ளை மான் சின்னமாயிற்று. அந்த மானைப் பார்த்தாலே எந்த வருஷத்து முகாம் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லி விடுவார்கள்.

எல்லா முகாமும் இன்பமாகவே முடிவதில்லை. 2023 ஆகஸ்டில் தென் கொரியாவில் நடந்த உலகப் பெருந்திரளணியில் வெயில் தாங்காமல் ஏராளமான பிள்ளைகள் சுருண்டு விழுந்தார்கள். போதாக்குறைக்குப் புயலும் வருகிறது என்று மைதானத்தையே காலி செய்து, பிள்ளைகளைக் கட்டிடங்களுக்கு மாற்றினார்கள். ஆனால் அந்த முகாமின் பேட்ஜைப் பார்த்தால் இதெல்லாம் தெரியுமா? அழகாக, பளபளவென்றுதான் இருக்கும்!

நான் சொல்ல வருவது இதைத்தான். பேட்ஜ் ஊரையும் வருஷத்தையும்தான் சொல்லும். மழையா, வெயிலா, யாரோடு சாப்பிட்டோம், யார் கூடாரக் கயிறு அறுந்தது என்பதைப் பிள்ளைதான் சொல்ல வேண்டும். ஊர் திரும்பிய ஒரு வாரத்துக்குள் சொல்லாவிட்டால் பாதி மறந்து விடும். அதனால் ஒரு தபால் அட்டை அளவுக் காகிதத்தில் பிள்ளை கையாலேயே நாலு வரி எழுதச் சொல்லுங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்த இடம், கூட இருந்தவர்கள் யார், பிடித்தது என்ன, பிடிக்காதது என்ன. எழுத்துப்பிழை இருந்தால் இருந்து விட்டுப் போகட்டும், திருத்தாதீர்கள்! அந்தக் காகிதம் இல்லாத பேட்ஜ், பெயர் எழுதாத பழைய போட்டோ மாதிரி. முப்பது வருஷம் கழித்துப் பார்த்தால் "இது யாரு?" என்று முழிக்க வேண்டியதுதான்.

தைப்பதும் துவைப்பதும்

முகாம் பேட்ஜை யூனிபாரத்தில் தைக்கலாமா, எந்த இடத்தில், எத்தனை நாள் என்பதற்கெல்லாம் விதி உண்டு. சாரண ஆசிரியரைக் கேட்காமல் ஊசியை எடுக்காதீர்கள். தைக்கும்போது கவனிக்க வேண்டியவை இவை:

பேட்ஜின் ஓரம் என்ன நிறமோ அதே நிற நூல் எடுங்கள். ஓரத்துக் கட்டுத் தையலுக்கு அடியில் ஊசியை விட்டுச் சின்னச் சின்னதாக ஹெம்மிங் போடுங்கள். மெஷினில் நடுவே ஓட்டினால் பூவேலை நசுங்கிப் போகும். பசை போட்டு ஒட்டவே வேண்டாம். பசை பழுப்பேறும், பூச்சியும் வரும்.

புதுப் பேட்ஜைத் துவைக்கும் முன் ஈரமான வெள்ளைத் துணியை அதன் மேல் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டுகிறதா? ஒட்டினால் தண்ணீரில் முக்காதீர்கள். ஈரத் துணியால் மேலாக ஒற்றி எடுத்தால் போதும். ஒட்டாவிட்டால் பச்சைத் தண்ணீரில் லேசாகச் சோப்புப் போட்டு அலசி நிழலில் உலர்த்துங்கள். இஸ்திரி போடுவதானால் திருப்பிப் போட்டு, மேலே ஒரு துணி விரித்து, மிதமான சூட்டில்.

உலோகப் பேட்ஜ் என்றால் பித்தளைக் குத்துவிளக்கு என்று நினைத்துப் புளி போட்டுத் தேய்த்து விடாதீர்கள்! வர்ணப் பூச்சு உரிந்து போகும். உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தால் போதும். உலோகப் பேட்ஜையும் துணிப் பேட்ஜையும் ஒன்றாகப் போட்டு வைத்தால் துருக்கறை துணியில் ஏறும். தனித்தனியே வையுங்கள்.

பத்திரப்படுத்த விலை கொடுத்து எதுவும் வாங்க வேண்டாம். துவைத்து உலர்ந்த பழைய வேட்டித் துணியில் மடித்து, ஒரு அட்டைப் பெட்டியில் வைத்தால் போதும். பிளாஸ்டிக் உறையில் நம் ஊர்ப் புழுக்கத்துக்கு வியர்த்து ஒட்டிக் கொள்ளும். ராமபாணப் பூச்சி வராமலிருக்கக் காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து மூலையில் வைக்கலாம். கைக்குழந்தை உள்ள வீட்டில் பூச்சி உருண்டை வேண்டவே வேண்டாம். மிட்டாய் என்று வாயில் போட்டுக் கொண்டால் ஆபத்து.

நிறைய சேர்ந்து விட்டால் இன்னொரு வழியும் இருக்கிறது. மேல்நாடுகளில் சாரணியர்கள் தங்கள் முகாம் பேட்ஜ்களையெல்லாம் ஒரு கம்பளியில் தைத்து வைத்துக் கொள்கிறார்கள். குளிர் காயும் ராத்திரிகளில் அதைப் போர்த்திக் கொண்டு உட்காருவார்கள். நமக்குக் கம்பளி எதற்கு? ஒரு சென்னிமலைப் போர்வையோ கரூர்ப் போர்வையோ போதும். முகாமுக்கு முகாம் ஒவ்வொன்றாகப் பிள்ளையே தைக்கட்டும். பையனாக இருந்தாலும் சரி, ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பதோடு நாம் நிறுத்திக் கொள்வோம்!

கொடுத்து வாங்கும் பழக்கம்

முகாமில் பேட்ஜ்களை மாற்றிக் கொள்வது உலகம் முழுக்க உள்ள வழக்கம். என் நாத்தனார் மகள் ஒரு முகாமுக்குப் போய் வந்தபோது, அவள் பையில் இருந்தது வேறு ஏதோ மாநிலத்துப் பேட்ஜ். "உன்னோடது எங்கேடி?" என்று அவள் அம்மா பதறினாள். "அது இப்ப அஸ்ஸாம்ல ஒரு அக்காகிட்ட இருக்கும்மா" என்று அவள் சாவதானமாகச் சொன்னாள். பாஷை தெரியாத இரண்டு பெண்கள் கையைக் காட்டியே பேசி முடித்த வியாபாரம்!

இதில் நாம் பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்ப வேண்டியவை மூன்றுதான். ஒன்றுக்கு ஒன்று; காசு பேசக் கூடாது. உள்ளத்துக்குப் பிடித்துக் கொடுக்க வேண்டும்; கொடுத்த பிறகு திருப்பிக் கேட்கக் கூடாது. பெரியவர்கள் பெரியவர்களோடும் பிள்ளைகள் பிள்ளைகளோடும்தான் மாற்றிக் கொள்ள வேண்டும். விவரம் தெரிந்த பெரியவர் சிறு பிள்ளையிடம் அரிய பேட்ஜைத் தட்டிக் கொண்டு போகாமல் இருக்கத்தான் இந்த மூன்றாவது ஏற்பாடு. மாற்றிக் கொள்ள ஒன்று, தனக்கு ஒன்று என்று இரண்டு பேட்ஜ் வாங்க முடியுமா என்று முன்கூட்டியே கேட்டு வைத்தால் மனஸ்தாபம் வராது.

அனுப்பலாமா, வேண்டாமா?

பேட்ஜ் வர வேண்டுமானால் முதலில் பிள்ளையை அனுப்ப வேண்டுமே! அங்கேதான் நமக்குத் தயக்கம். அதுவும் பெண் பிள்ளை என்றால் பாட்டியிலிருந்து எதிர்வீட்டு மாமி வரை, "வயசுப் பொண்ணை ராத்திரி வெளியே தங்க விடறதா?" என்பார்கள். அந்தப் பயம் அர்த்தமில்லாதது என்று நான் சொல்ல மாட்டேன். 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு பள்ளியில் என்.சி.சி. பெயரைச் சொல்லிப் போலி முகாம் நடத்தி, சிறு பெண்களுக்குக் கொடுமை இழைத்த செய்தியைப் படித்து நம் வயிறெல்லாம் கலங்கியதே! யூனிபாரத்தையும் பேட்ஜையும் யார் வேண்டுமானாலும் தைத்துக் கொள்ளலாம். துணியைப் பார்த்து நம்பக் கூடாது.

அதற்காக அனுப்பாமலே இருப்பது தீர்வாகுமா? வெட்கப்படாமல் கேள்வி கேட்டு அனுப்புவோம். முகாமை நடத்துவது யார்? மாவட்டச் சாரணர் சங்கத்துக்குத் தெரியுமா? பெண் பிள்ளைகளோடு ராத்திரி தங்கும் ஆசிரியைகள் யார் யார்? கழிப்பறை, குளியலறை எங்கே, வெளிச்சம் உண்டா? குடிதண்ணீர் எப்படி? உடம்புக்கு முடியாவிட்டால் எந்த ஆஸ்பத்திரி? பிள்ளை எப்போது வீட்டுக்குப் போன் பேசலாம்? முறையாக நடத்துகிறவர்கள் இதற்கெல்லாம் முகம் சுளிக்காமல் பதில் சொல்வார்கள். மழுப்பினால் அனுப்ப வேண்டாம், அவ்வளவுதான்.

அனுப்பும்போது வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரையைச் சீட்டோடு ஆசிரியையிடம் கொடுங்கள். எது ஒத்துக் கொள்ளாது என்பதையும் எழுதிக் கொடுங்கள். தண்ணீர் பாட்டில், தொப்பி, மாற்று உள்ளாடை, பெரிய பெண் என்றால் வேண்டிய நாப்கின். "யாராவது உன்னிடம் தப்பாக நடந்தால் அங்கேயே சத்தம் போடு, அப்புறம் எங்களிடம் சொல்லு, நாங்கள் உன்னைத் திட்ட மாட்டோம்" என்பதையும் சேர்த்துச் சொல்லி அனுப்புங்கள். சாரணர்களின் தாரக மந்திரமே 'தயாராக இரு' என்பதுதானே! அது தாய்மார்களுக்கும் பொருந்தும்.

பிள்ளை திரும்பி வந்ததும் அழுக்குத் துணி மூட்டையைப் பிரிக்கும் அவசரத்தில் நாம் முதலில் கேட்பது, "ஏதாவது பிரைஸ் வாங்கினியா?" என்பதுதான். அதை ஒரு பக்கம் வைத்து விட்டு, "யார் கூடத் தங்கினே? யார் பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்டே?" என்று கேட்டுப் பாருங்களேன். சட்டைப் பையிலிருந்து அந்தப் பேட்ஜ் தானாக வெளியே வரும். கூடவே கதையும் வரும். கேட்க உட்காரும் முன் அடுப்பை மட்டும் அணைத்து விடுங்கள். சீக்கிரம் முடிகிற கதையாக இருக்காது!